லண்டன் ரீஜண்ட்ஸ் கெனால்ல மிதக்குற ரெஸ்டாரண்ட்டுக்கு சாப்பிட போறது எப்படி

ஊர்லேர்ந்து யாராச்சும் லண்டன் வந்தா நாம கூட்டிட்டு போறதுக்குன்னு ஒரு ரெடிமேட் லிஸ்ட் வச்சிருப்போம், பிக் பென், டவர் பிரிட்ஜ், மெழுகு பொம்மை, கடைசியா ஈஸ்ட் ஹாம்ல ஒரு தோசை. நானும் அப்படித்தான் ஓட்டிட்டு இருந்தேன். ஒரு டிசம்பர்ல அம்மா அப்பா வந்தப்ப, புதுசா ஏதாச்சும் பண்ணுவோம்னு தண்ணி மேல மிதக்குற ஒரு ரெஸ்டாரண்ட்டுக்கு கூட்டிட்டு போனேன் (பேரு வேண்டாம்), வீட்லேர்ந்து நேரா கேப் புடிச்சு ராத்திரி ஏழு மணிக்கு எறங்கி உள்ள போய் உக்காந்தோம், வெளிய கும்மிருட்டு, ஜன்னல் கண்ணாடியில எங்க மூணு பேர் மூஞ்சி மட்டும் தான் தெரிஞ்சுது. அப்பா சுத்தி முத்தி பாத்துட்டு "ஏண்டா, இத தரையிலயே கட்டிருக்கலாமே, இதுக்கு எதுக்கு தண்ணி?"ன்னு கேட்டாரு. அந்த ஒரு கேள்விக்கு பதில் சொல்லத்தான் அடுத்த தடவ அவங்க மே மாசம் வந்தப்ப வேற மாதிரி பிளான் பண்ணேன், அதுக்கப்பறம் யாரு வந்தாலும் இதே ரூட்டு தான். அத தான் இங்க சொல்றேன்.

விஷயம் இது தான், படகுல சாப்பிட போறதுன்னா படகுலேர்ந்து ஆரம்பிக்கக் கூடாது, கால்வாயிலேர்ந்து ஆரம்பிக்கணும். பேடிங்டன் பக்கத்துல இருக்குற லிட்டில் வெனிஸ்லேர்ந்து கரையோரமா நடந்து, நல்லா பசி வந்தப்பறம், ரீஜண்ட்ஸ் பார்க் ஓரத்துல கம்பர்லேண்ட் பேசின்னு ஒரு மூலை இருக்கு, அங்க சிவப்பு கலர்ல, சைனா கோயில் மாதிரி பகோடா கூரையோட ஒரு படகு நிக்கும், ஃபெங் ஷாங் பிரின்சஸ்னு பேரு, சைனீஸ் ரெஸ்டாரண்ட், அதுக்குள்ள போய் உக்காரணும். நடை ஒரு மூணு கிலோமீட்டருக்கு மேல வரும், நின்னு நின்னு போனா ஒண்ணேகால் மணி நேரம் வச்சுக்கோங்க.

மொதல்ல நேரம். லண்டன்ல ஜூன்ல ராத்திரி ஒம்போதே கால் தாண்டித்தான் சூரியன் மறையும், டிசம்பர்ல நாலு மணிக்கு முன்னாடியே போயிடும், அதனால சீசன பாத்து டேபிள் போடுங்க. கோடைன்னா சாயங்காலம் ஆறரைக்கு டேபிள், அஞ்சு மணிக்கு நடக்க ஆரம்பிங்க. குளிர் காலம்னா மதிய சாப்பாடு தான், டின்னர்ல தண்ணியே தெரியாது, அப்பா சொன்ன கதை தான் ஆகும். புக் பண்றப்ப ஆன்லைன்ல பெட்டிய டிக் பண்ணிட்டு விட்றாதீங்க, போன் போட்டு பேசுங்க, அன்னைக்கு தெறந்திருக்கீங்களா, ஜன்னல் ஓரமா டேபிள் கெடைக்குமா, பெரியவங்க வர்றாங்க, படி எத்தனை, கீழ் தளத்துலயே கெடைக்குமா, டாய்லெட் எந்த தளத்துல, இத அஞ்சையும் கேட்டுடுங்க. படகுன்னாலே எடம் குறுகல், படி செங்குத்தா இருக்கும், முட்டி வலி உள்ளவங்களுக்கு இது தான் பெரிய விஷயம்.

"படகு ஆடுமா, எனக்கு தலை சுத்தும்"னு அம்மா ரெண்டு நாளா கேட்டுட்டே இருந்தாங்க. ஆடாது. தேம்ஸ் ஆத்துல கட்டியிருக்குற படகுன்னா நீங்க யோசிக்கணும், அங்க கடல் ஓதம் உள்ள வரும், தண்ணி ஆறு ஏழு மீட்டர் கூட ஏறி எறங்கும், உள்ள போற பாலம் ஒரு நேரம் சமமா இருக்கும், இன்னொரு நேரம் சறுக்கு மரம் மாதிரி சாஞ்சு கெடக்கும். இந்த கால்வாய்ல அந்த பேச்சே இல்ல. கேம்டன் லாக்லேர்ந்து மேற்கால ஹீத்ரோ பக்கம் கௌலி வரைக்கும், இருபது மைலுக்கு மேல ஒரு லாக் (படக மேல ஏத்தி கீழ எறக்க தண்ணிய அடைக்கிற கதவு) கூட கெடையாது, மொத்தமும் ஒரே மட்டம், ஏரி மாதிரி. பக்கத்துல ஒரு படகு போனா லேசா ஒரு அசைவு, அவ்ளோ தான், அதுவும் படகுக்கு ஸ்பீட் லிமிட் மணிக்கு 4 மைல், நம்ம நடந்து போற வேகம்.

சரி, கெளம்பலாம். பேடிங்டன் ஸ்டேஷன்ல எறங்குங்க, இல்லன்னா டியூப்ல, அதான் சுரங்க ரயில்ல, பேக்கர்லூ லைன்ல வார்விக் அவென்யூ. நான் பேடிங்டன் தான் சொல்லுவேன், காரணம் டாய்லெட், ஸ்டேஷன்ல ஃப்ரீ, அதுக்கப்பறம் வழியில தேடினாலும் சுலபத்துல கெடைக்காது. ஸ்டேஷனுக்கு பின்னாடி பக்கம் கால்வாய்க்கு வர்ற வாசல் இருக்கு, போர்டு பாத்து வெளிய வந்தா எதுத்தாப்ல தண்ணி. அங்கயே ரெண்டு மூணு சாப்பாட்டு படகு கட்டியிருக்கும், அதுல டார்சி கிரீன், மே கிரீன்னு பேரு வச்ச ஜோடி படகுக்கு பீட்டர் பிளேக்ங்கிற ஓவியர் டிசைன் போட்டுக் குடுத்திருக்காரு, கலர் கலரா கண்ணு கூசும். பசிக்குதுன்னு இங்கயே உக்காந்துடாதீங்க, ஒரு காபி மட்டும் வாங்கிக்கலாம். ஓடுற படகுலயே சாப்பாடு போட்டு கேம்டன் வரைக்கும் போய்ட்டு திரும்பி வர்றதும் இந்த பக்கம் உண்டு, அதுக்கு போறதா இருந்தா ஒண்ணு ஞாபகம் வச்சுக்கோங்க, சொன்ன நேரத்துக்கு கயித்த அவுத்துடுவாங்க, டியூப் லேட்டு, டிராஃபிக்குனு கதை சொன்னா படகு நிக்காது.

அஞ்சு பத்து நிமிஷத்துல ஒரு முக்கோண குளம் மாதிரி விரியும், நடுவுல சின்ன தீவு, வில்லோ மரம் தண்ணிய தொட்டுட்டு நிக்கும், அது தான் லிட்டில் வெனிஸ். இங்கேர்ந்து தான் நம்ம ரீஜண்ட்ஸ் கெனால் ஆரம்பிக்குது. 1812ல பார்லிமெண்ட்ல சட்டம் போட்டு, 1816ல கேம்டன் வரைக்கும் தெறந்து, 1820 ஆகஸ்ட்ல தேம்ஸ் கரையில இருக்குற லைம்ஹவுஸ் வரைக்கும் முழுசா முடிச்சாங்க, மொத்தம் கிட்டத்தட்ட பதினாலு கிலோமீட்டர். ரீஜண்ட் ஸ்ட்ரீட் போட்ட ஜான் நாஷ் தான் இதுக்கும் பின்னாடி நின்னவரு, இஞ்சினியரு ஜேம்ஸ் மார்கன். நடுவுல தாமஸ் ஹோமர்னு ஒருத்தரு, இந்த கெனால் ஐடியாவயே கொண்டு வந்தவரு, கம்பெனி காச சுருட்டிட்டு மாட்டிகிட்டாரு. கான்ட்ராக்ட் வேலைன்னா எந்த ஊரா இருந்தா என்ன!

நாரோபோட் வரிசையா நிக்கும் பாருங்க, ஏழடி தான் அகலம், நம்ம பஸ்ஸ விட குறுகல், அதுக்குள்ள கிச்சன், கட்டில், அடுப்பு எல்லாம் வச்சு குடும்பமே நடத்துறாங்க. கூரை மேல வெறகு, சைக்கிள், துளசி தொட்டி மாதிரி ஒரு செடி. சும்மா நின்னு படகு போறத வேடிக்கை பாக்குறவங்களுக்கு இங்க கெனால்காரங்க ஒரு பேரே வச்சிருக்காங்க, கோங்கூஸ்லர்னு. அப்பாவுக்கு அந்த வார்த்தை ரொம்ப புடிச்சு போச்சு, ஊருக்கு போயும் ரிடையர் ஆன ஃப்ரெண்ட்ஸ எல்லாம் அப்படித்தான் கூப்பிடுறாராம்.

இங்க ஒரு எடத்துல எல்லாரும் வழி தப்புவாங்க, கவனமா கேளுங்க. ப்ளோம்ஃபீல்ட் ரோடு ஓரம் கீழ தண்ணி பக்கத்துல எறங்க முடியாது, படகுல குடியிருக்கிறவங்க எடம், கேட் போட்டிருக்கும், அதனால ரோட்டு மேலயே நடங்க. கொஞ்ச தூரத்துல கால்வாய் எட்ஜ்வேர் ரோடுக்கு அடியில ஒரு சுரங்கத்துக்குள்ள போயிடும், மெய்டா ஹில் டன்னல், 249 மீட்டர், உள்ள நடைபாதை கெடையாது. ரோட்ட கிராஸ் பண்ணி எதுத்தாப்ல அபர்டீன் பிளேஸ்குள்ள நேரா போனீங்கன்னா கால்வாய் திரும்ப கீழ தெரியும், படி எறங்கிடுங்க. நடைபாதை இல்லாத டன்னல்ல அந்த காலத்துல படகு எப்படி போச்சுன்னு கேளுங்க, குதிரைய அவுத்து மேல ரோட்டு வழியா நடத்திட்டு போயிடுவாங்க, படகுக்காரங்க மல்லாக்க படுத்து சுவத்த காலால ஒதைச்சு ஒதைச்சு நடக்குற மாதிரி தள்ளிட்டு போவாங்க. இருட்டுல, பல டன் சரக்கோட.

எறங்கினதும் நீங்க நடக்குறது டோபாத், அதாவது குதிரை படகு இழுத்துட்டு போன பாதை. இன்னைக்கு கெனால் அண்ட் ரிவர் ட்ரஸ்ட்னு ஒரு தொண்டு நிறுவனம் 2012லேர்ந்து இத பாத்துக்குது, நடக்க காசு கெடையாது. ஆனா சைக்கிள்காரங்க பின்னாடி மணி அடிச்சிட்டே வருவாங்க, பாலத்துக்கு அடியில பாதை குறுகும், தலைய குனியணும், குழந்தைங்க இருந்தா சுவர் பக்கம் நடக்க விடுங்க, தண்ணி பக்கம் கம்பி வேலி எதுவும் இல்ல. வயசானவங்க கூட்டம்னா ஒருத்தர் பின்னாடி ஒருத்தரா தான் சரி. இன்னொன்னு சொன்னா நம்ப மாட்டீங்க, இந்த பாதைக்கு கீழ 400 கிலோவோல்ட் கரண்ட் கேபிள் ஓடுது, 1979ல பொதைச்சது, அது சூடாகாம இருக்க இந்த கால்வாய் தண்ணியவே பம்ப் பண்ணி சுத்தி விடுறாங்க. இருநூறு வருஷத்து கால்வாய் இன்னும் வேலை பாத்துட்டு தான் இருக்கு.

ரயில் பாலமெல்லாம் தாண்டினா திடீர்னு பச்சை. வலது பக்கம் எதிர்க்கரையில வெள்ளை வெளேர்னு தூண் வச்ச பங்களா வரிசையா வரும், புல்வெளி தண்ணி வரைக்கும் சரியும். அம்மா "எந்த ராஜா காலத்து வீடு"ன்னு கேட்டாங்க. ராஜா காலமும் இல்ல ஒண்ணும் இல்ல, க்வின்லன் டெர்ரின்னு ஒரு ஆர்க்கிடெக்ட் 1988லேர்ந்து 2004க்குள்ள கட்டினது, நான் பொறந்தப்பறம் வந்த வீடுங்க.

இப்ப ஒரு பாலம் வரும், மேக்கிள்ஸ்ஃபீல்ட் பிரிட்ஜ், அங்க அஞ்சு நிமிஷம் கண்டிப்பா நில்லுங்க, இந்த நடையிலயே எனக்கு ரொம்ப புடிச்ச எடம் இது தான். 1874 அக்டோபர் 2, விடியக்காலம் அஞ்சு மணி வாக்குல, ஒரு ஸ்டீம் படகு வரிசையா சில படகுகள இழுத்துட்டு போகுது, அதுல டில்பரின்னு ஒண்ணு, சர்க்கரை, கொட்டை வகை, பெட்ரோலியம், இதோட சேத்து அஞ்சு டன் வெடிமருந்து. யாரு இப்படி லோடு ஏத்துனாங்களோ. சரியா இந்த பாலத்துக்கு அடியில வர்றப்ப வெடிச்சுது, மூணு பேரு செத்து போனாங்க, பாலம் தூள் தூளாச்சு. ஆனா அந்த இரும்பு தூண் மட்டும் தப்பிச்சுது, அதையே எடுத்து பாலத்த திரும்ப கட்டினாங்க. இப்ப தூண் கிட்ட போய் கைய வச்சு பாருங்க, விரல் உள்ள போற அளவுக்கு கோடு கோடா பள்ளம் விழுந்திருக்கும், குதிரை இழுத்த கயிறு வருஷக்கணக்கா ஒரசி ஒரசி இரும்ப அறுத்தது, நம்ம ஊரு கெணத்து கல்லுல வாளிக்கயிறு தேச்ச தடம் இருக்கும்ல அதே தான். வேடிக்கை என்னன்னா தண்ணி பக்கமும் பள்ளம், அந்தாண்ட பக்கமும் பள்ளம். கயிறு எப்படி மறுபக்கம் போச்சு? திரும்ப கட்டுறப்ப தூண திருப்பி வச்சுட்டாங்க, தேயாத பக்கம் தண்ணிய பாத்து வந்துச்சு, அதுக்கப்பறம் அந்த பக்கமும் தேஞ்சுது. அம்மா ரெண்டு பக்கமும் தடவி பாத்துட்டு "எங்க வீட்டு கெணறு தான்"ன்னாங்க, அப்பறம் கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல.

அதுக்கடுத்து ஜூ. கால்வாய் ஜூ நடுவுல தான் போகுது, டிக்கெட் எடுக்காமயே கொஞ்சம் பாத்துடலாம். வலை போட்ட பெரிய கூண்டு ஒண்ணு மலை மாதிரி கூர் கூரா மேல தெரியும், ஸ்னோடன் ஏவியரின்னு பேரு, 1960கள்ல பறவைக்காக கட்டினது, 2022லேர்ந்து அதுல கொலோபஸ் கொரங்கு, கருப்பு ஒடம்பு, வெள்ளை வாலு. தண்ணியில நாமக்கோழி நெறைய இருக்கும், நெத்தியில வெள்ளை நாமம், சிப்ஸ் பாக்கெட், ஸ்ட்ரா, குச்சின்னு கெடைச்சத எல்லாம் வச்சு கூடு கட்டியிருக்கும்.

கால்வாய் சட்டுனு இடது பக்கம் ஒடிஞ்சு திரும்புற எடம் வந்தா நீங்க வந்துட்டீங்க. அந்த முனையில தண்ணிக்கு அந்தாண்ட சிவப்பு படகு. மரத்துக்கு நடுவுல பாசி கலர் தண்ணி, அதுல கூரையோட நிழல் ஆடும், சாயங்கால வெயில்ல அந்த சிவப்பு இன்னும் எரியும். இங்க தான் ஃபோட்டோ எடுக்கணும், உள்ள போனா படகு தெரியாது. "ஏன் இங்க மட்டும் ஒரு மூலை?"ன்னு அப்பா கேட்டாரு, நல்ல கேள்வி, ஒரு காலத்துல இது மூலை இல்ல, சந்திப்பு. ஒரு கிளைக்கால்வாய் இங்கேர்ந்து பிரிஞ்சு கம்பர்லேண்ட் மார்க்கெட்டுக்கு போச்சு, லண்டன் குதிரைங்களுக்கு வைக்கோல் விக்குற சந்தை அது. ரெண்டாம் உலகப்போர்ல, 1942ல அத அடைச்சு, குண்டு விழுந்து இடிஞ்ச வீட்டு செங்கல் மண்ணெல்லாம் கொட்டி மூடிட்டாங்க, ஜூ கார் பார்க்கிங் அதுல ஒரு பகுதி மேல தான் நிக்குது. மிச்சம் வந்த துண்டு தண்ணியில தான் இந்த படகு நிக்குது.

டோபாத்லேர்ந்து நேரா படகுக்குள்ள போக முடியாது, மேல பிரின்ஸ் ஆல்பர்ட் ரோடுக்கு ஏறி பாலம் வழியா சுத்தித்தான் போகணும், அதுக்கு ஒரு பத்து நிமிஷம் வச்சுக்கோங்க, கடைசி நேரத்துல அம்மாவ ஓட விடாதீங்க.

உள்ள போனதும் ஜன்னல் பக்கம் முகம் வர்ற மாதிரி பெரியவங்கள உக்கார வைங்க, நீங்க தண்ணிக்கு முதுகு காட்டி உக்காருங்க, நீங்க தான் இன்னும் பல தடவ வரப்போறீங்களே. ஆர்டர் விஷயத்துல, இது லண்டன்ல எந்த சைனீஸ் ரெஸ்டாரண்ட்டுக்கும் பொருந்தும், வாத்து சாப்பிடுறதா இருந்தா புக் பண்றப்பவே கேட்டு வைங்க, முழு வாத்து நிறைய எடத்துல முன்கூட்டி சொன்னா தான். மெல்லிசா ஆவியில வெந்த ரொட்டி மாதிரி ஒண்ணு வரும், அதுல இனிப்பு கருப்பு சாஸ் தடவி, வெள்ளரி, வெங்காயத்தாள், வாத்துக்கறி வச்சு சுருட்டி சாப்பிடணும், அப்பா முதல்ல ஸ்பூன்ல முயற்சி பண்ணி, அப்பறம் "கையிலயே சாப்பிடலாம்ல"னு கேட்டுட்டு நிம்மதி ஆனாரு.

வெஜிடேரியன் ஆளுங்க கூட இருந்தா "வெஜ்"னு ஒரு வார்த்தை சொல்லிட்டு விடாதீங்க. இங்க வெஜிடேரியன்ல முட்டை உண்டு, ஃப்ரைட் ரைஸ்ல முட்டை தானா வரும், காய்கறி டிஷ்ல ஆய்ஸ்டர் சாஸ் (சிப்பியில செய்றது) இருக்கலாம், சூப்ல சிக்கன் ஸ்டாக் இருக்கலாம். வீகன்னு, அதாவது முட்டை, பால் கூட சாப்பிட மாட்டோம்னு சொல்லிட்டா பாதி பிரச்சனை தீரும், மீதிக்கு ஒவ்வொரு டிஷ்ஷா கேளுங்க. கேக்குறதுக்கு கூச்சமே வேண்டாம், பிரிட்டன்ல 14 அலர்ஜி பொருள் எதுல இருக்குனு ரெஸ்டாரண்ட் சொல்லியே ஆகணும், சட்டம், அதுல எள்ளு, வேர்க்கடலை, எறா நண்டு, மீன், முட்டை எல்லாம் வருது. டீ கண்டிப்பா சொல்லுங்க, கேன்டனீஸ் பழக்கத்துல டீ ஜாடி காலியானா மூடிய லேசா தெறந்து சாச்சு வச்சா போதும், வெந்நி ஊத்திட்டு போவாங்க. அம்மா அந்த வித்தைய கத்துகிட்டு நாலு ஜாடி குடிச்சாங்க, கடைசியா "எல்லாம் சரி, இதுல ஒரு துளி பால் விட்டா என்ன"ன்னாங்க.

பில் வர்றப்ப பாருங்க, லண்டன்ல பெரும்பாலும் 12.5 சதவீதம் சர்வீஸ் சார்ஜ் அவங்களே சேத்திருப்பாங்க, 80 பவுண்டுக்கு சாப்டா 10 பவுண்ட் அதுல போகும், அது ஆப்ஷனல்னு சின்ன எழுத்துல இருக்கும், கவனிப்பு மோசம்னா எடுத்துட சொல்லலாம், நல்லா இருந்தா குடுத்துடுங்க, ஆனா அதுக்கு மேல தனியா டிப்ஸ் வைக்க வேண்டியதில்ல. போற எடத்தோட சுத்தம் பத்தி சந்தேகம் இருந்தா ஃபுட் ஸ்டாண்டர்ட்ஸ் ஏஜென்சி வெப்சைட்ல பேரு போட்டா 0லேர்ந்து 5 வரைக்கும் ரேட்டிங் வரும், இங்கிலாந்துல கதவுல ஒட்டணும்னு கட்டாயம் இல்ல, அதனால நாமளே பாத்துக்கணும்.

இனிப்புக்கு சைனீஸ் டெஸர்ட் வேண்டாம்னா, வேற நாள் கிங்ஸ் கிராஸ் பக்கம் இதே கால்வாய் ஓரமா லண்டன் கெனால் மியூசியம் போங்க, அந்த கட்டடம் கார்லோ கட்டின்னு ஒரு ஐஸ்கிரீம் வியாபாரியோட ஐஸ் கெடங்கு. நார்வேலேர்ந்து கப்பல்ல ஐஸ்கட்டி வந்து, லைம்ஹவுஸ்ல எறக்கி, இந்த கால்வாய் வழியா படகுல வந்து, தரைக்கு அடியில பெரிய கெணறு மாதிரி குழியில கொட்டி வச்சிருக்காங்க. அந்த குழிய இன்னும் பாக்கலாம்.

திரும்புறப்ப டோபாத் வேண்டாம், இருட்டினா வெளிச்சம் இல்ல, தண்ணி எது தரை எதுன்னு தெரியாது. பிரின்ஸ் ஆல்பர்ட் ரோட்லயே 274 பஸ் வரும், கேம்டன் டவுன்ல எறங்கினா நார்தர்ன் லைன். பஸ்ல காசு வாங்க மாட்டாங்க, அம்மா அப்பாவுக்கு தனித்தனி கார்டு இல்லன்னா பஸ், டியூப்ல தட்டுற ஆய்ஸ்டர் கார்டு முன்னாடியே வாங்கி வைங்க, ஒரே கார்ட மாத்தி மாத்தி தட்டி டிரைவர் கிட்ட வாங்கி கட்டிக்காதீங்க. மிச்ச ரைஸ டப்பாவுல கட்டி தர சொல்லுங்க, கேட்டா குடுப்பாங்க. எங்க வீட்ல மறுநாள் காலைல அது கடுகு, வரமிளகா, கறிவேப்பிலை தாளிச்சு வேற அவதாரம் எடுத்துச்சு, அப்பா ரெண்டாவது தடவ போட்டுகிட்டு, "அடுத்த தடவ அந்த ஐஸ் கெடங்கு"ன்னாரு.